துப்பாக்கியின் நைட் சைட்டில் இருக்கும் ஒளிரும் குப்பியைப் பிடுங்கலாமா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: அண்ணா, வணக்கம். எச்-1பி விசாவுல டல்லாஸ் வந்து நாலு மாசம் ஆகுது. போன சனிக்கிழமை ஒரு கராஜ் சேல்ல பழைய டூல்பாக்ஸ் வாங்கினேன். அடியில சின்ன கவர்ல ரெண்டு இரும்புத் துண்டு கிடந்துச்சு. ராத்திரி லைட்டை அணைச்சா அதுல மூணு புள்ளி பச்சையா ஒளிருது. தேடிப் பார்த்தா கைத்துப்பாக்கியோட நைட் சைட்டாம், அதாவது இருட்டுல குறி பார்க்க உதவுற பாகமாம், உள்ளே டிரிட்டியம் குப்பியாம். சூடு காட்டினா குப்பி கழண்டு வந்துடும்னு வீடியோ இருக்கு. எடுத்து பொண்ணுக்கு கீசெயின் பண்ணித் தரலாமா?

பதில்: தம்பி, அடுப்பு பக்கம் அதைக் கொண்டு போகாதீர்கள். நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதே கேள்வியை இந்திய மாணவர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் டூல்பாக்ஸை முழுக்கக் கொட்டிப் பாருங்கள். டிரிட்டியத்தைவிட எனக்கு இதுதான் கவலை. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. சைட் வெறும் உதிரிபாகம், அது துப்பாக்கி ஆகாது. ஆனால் அதே பெட்டியில் ஆணிகளுக்கு நடுவே ஒரே ஒரு பழைய தோட்டா கிடந்தாலும் அது தோட்டாதான். கண்ணில் பட்டால் எடுத்து வைத்துக்கொள்ளாமல், உங்கள் ஊர் காவல் துறையின் அவசரமல்லாத எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். இந்த விஷயத்தில் வரும் வழக்கு அபராதத்தோடு நிற்காது, நாடு கடத்துவது வரைக்கும் போகும்.

இப்போது குப்பிக்கு வருகிறேன். டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். மெல்லிய கண்ணாடிக் குழாயின் உட்சுவரில், எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசி, டிரிட்டியம் வாயுவை நிரப்பி, லேசரால் வாயை உருக்கி மூடுகிறார்கள். வாயுவிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பொடியில் மோதும்போது ஒளி வருகிறது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பக்கத்தில் இருக்கும் எம்பி-மைக்ரோடெக் இந்தக் குழாய்களுக்குப் பேர்போன நிறுவனம். அந்த எலக்ட்ரான் காற்றில் சுமார் 6 மில்லிமீட்டர்தான் பயணிக்கும், நம் தோலின் மேல் இருக்கும் இறந்த படலத்தைக்கூடத் தாண்டாது. ஆகவே குப்பி முழுசாக இருக்கும் வரை பயப்பட ஒன்றும் இல்லை.

உடைந்தால்தான் பேச்சு மாறுகிறது. வாயுவாகவே மூச்சில் போனால் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து நீராக மாறிவிட்டால், உடம்பு அதைச் சாதாரணத் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய், பாதி வெளியேறவே சுமார் 10 நாள் பிடிக்கும். வாயுவை நீராக மாற்றுவதில் நெருப்புக்கு நிகர் எதுவும் இல்லை. நீங்கள் பார்த்த வீடியோ சொல்லும் சூடு காட்டும் முறையை நான் இவ்வளவு அழுத்தமாகத் தடுப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு சைட்டில் இருக்கும் அளவு சிறியது, உயிருக்கு ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் குழந்தை இருக்கும் வீட்டுச் சமையலறையில் இது நடக்க எந்த அவசியமும் இல்லை.

குப்பி சுலபமாகக் கழன்று வரும் என்பதும் உண்மை இல்லை. பல சைட்டுகளில் குப்பியை ஒரு உலோக உறைக்குள் பசையோடு உட்கார்த்தி, அந்த உறையை இரும்புக்குள் இறுக்கியிருப்பார்கள். சுடும்போது வரும் உதைப்பைத் தாங்குவதற்காகச் செய்தது அது. துளை போட்டாலும் தட்டினாலும் முதலில் போவது கண்ணாடிதான்.

சரி, பத்திரமாகவே எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கையில் என்ன மிஞ்சும்? டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டு. 1998இல் செய்த சைட்டில் இன்று மிச்சம் இருப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பாஸ்பர் பொடியும் வருஷக்கணக்கில் அடி வாங்கி மங்கியிருக்கும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைவிடவும் குறைவு. உங்கள் பொண்ணு கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது, தெரு விளக்கின் வெளிச்சத்திலேயே அது காணாமல் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேளுங்கள். என்.ஆர்.சி. என்கிற அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 30.19 விதிப்படி, உரிமம் பெற்றவர் செய்து விற்ற ஒளிரும் பொருளை நாம் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். பழைய சைட் உங்கள் மேஜை இழுப்பறையில் இருப்பது தவறே இல்லை. ஆனால் பொம்மை, அணிகலன், வெறும் அலங்காரச் சாமான் ஆகியவற்றுக்கு இந்த விலக்கு கிடையாது என்று அதே விதி சொல்கிறது. குழந்தையின் கீசெயின் நேராக அந்தப் பட்டியலில்தான் போய் விழும். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது டிரிட்டியம் கீசெயினைக் கடையிலேயே வாங்கி வைத்திருக்கலாம், அங்கே அதற்கு அனுமதி உண்டு. அவர் வைத்திருப்பதை நம்பி இங்கே முடிவு எடுக்க வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது சென்னைக்குக் கொண்டு போகவும் நினைக்காதீர்கள். துப்பாக்கியின் உதிரிபாகத்தைக் கைப்பையில் வைத்து விமானம் ஏற முடியாது. இந்தியாவில் கதிரியக்கப் பொருள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. கல்பாக்கத்தின் கனநீர் அணு உலைகளிலும் இதே டிரிட்டியம் உண்டாகிறது, அது நமக்கு ஒன்றும் அந்நியமான பொருள் இல்லை. அதற்காக விமான நிலையத்தில் நின்றுகொண்டு அதை விளக்கிச் சொல்லும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

பொண்ணுக்கு ஒளிரும் கீசெயின் வேண்டும் என்றால் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற ஒளிரும் பொடி கலந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஜப்பானில் நெமோட்டோ நிறுவனம் 1993இல் உருவாக்கியது, கதிரியக்கமே இல்லை. கொஞ்ச நேரம் விளக்கடியில் காட்டினால் மணிக்கணக்கில் ஒளிரும்.

கேள்வி: ரொம்ப நன்றி அண்ணா. பெட்டியைக் கொட்டிப் பார்த்துட்டேன், தோட்டா எதுவும் இல்லை. ஆனா மூணு புள்ளியில ஒண்ணு மட்டும் ரொம்ப மங்கலா இருக்கு. கசிஞ்சிருக்குமா? நண்பர் ஒருத்தர் கதிர்வீச்சைக் காட்டுற கீகர் கருவி வெச்சிருக்கார், வெச்சுப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். டிரிட்டியத்தின் எலக்ட்ரான் அவ்வளவு பலவீனமானது, சாதாரண கீகர் கருவிக்கு அது பிடிபடாது. கருவி அமைதியாக இருந்தால் கசிவு இல்லை என்று அர்த்தம் ஆகாது. மாறாக, அது படபடவென்று அடித்தால் உங்களிடம் இருப்பது டிரிட்டியம் இல்லை, ரேடியம் என்ற வேறு கதிரியக்கப் பொருளாக இருக்கலாம். கராஜ் சேலில் கிடைக்கும் பழைய அலாரம் கடிகாரம், விமானத்தின் அளவுமானி இவற்றில் அதைப் பூசியிருப்பார்கள். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஒளி செத்துப் போன பிறகும் கதிர்வீச்சு பெரிதாகக் குறையாது. அப்படி ஏதாவது கிடைத்தால் திறக்காமல் மூடி வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ஒரு புள்ளி மட்டும் மங்கல் என்றால், ஒரு புள்ளி உள்ள முன் சைட்டும் இரண்டு புள்ளி உள்ள பின் சைட்டும் வேறு வேறு வருஷத்தில் செய்தவையாக இருக்கலாம். பின் சைட்டின் இரண்டு புள்ளிகளில் ஒன்றுதான் மங்கல் என்றால் அந்தக் குப்பி சேதமாகியிருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டையும் ஜிப் கவரில் போட்டு, படுக்கையறையில் வைக்காமல் காற்றோட்டமான கராஜில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். எப்போதாவது கண்ணாடி நொறுங்கினால் வேக்கூம் கிளீனர் போடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

சைட்டின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் நிறுவனத்தின் பெயரோ குறியோ இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, பழைய சைட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எப்படி அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். அங்கே பதில் வராவிட்டால் டெக்சாஸ் மாநில சுகாதாரத் துறையின் கதிரியக்கப் பிரிவைக் கேட்கலாம். இந்த மாநிலத்தில் இப்படிப்பட்ட பொருள்களை அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் யாராவது கடையோ உணவகமோ எடுத்து நடத்தப்போகிறவர்கள் இருந்தால் ஒரு விஷயம். பழைய கட்டிடத்தில் கரண்ட் ஒயரே இல்லாமல் ஒளிரும் எக்சிட் பலகை இருந்தால் அதுவும் இதே டிரிட்டியம்தான், ஆனால் அளவு சைட்டில் இருப்பதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. அதைக் கழற்றிக் குப்பையில் போடுவது சட்டப்படி குற்றம். உரிமம் உள்ளவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்தப் பலகை யார் பொறுப்பு என்று கட்டிட உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.