ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் மீத்தேன் கூடுமா? புரோப்பியோனேட் தேங்கும் டைஜஸ்டர்

கேன்டீன்கலன்:
விடுதிச் சமையல் கழிவுக்கான டைஜஸ்டர் (கழிவைப் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் கலன்). திரவக் கொள்ளளவு 10 கன மீட்டர், வெப்பநிலை 36 டிகிரி. நாளுக்கு 100 கிலோ கழிவும் (சோறு, குழம்பு, காய்கறித் தோல்) 100 லிட்டர் தண்ணீரும் ஊற்றியவரை சிக்கல் இல்லை. மூன்று வாரமாக 180 கிலோ, தண்ணீரும் 180 லிட்டர். பி.எச் 7.3-லிருந்து 6.8-க்கு இறங்கிவிட்டது, அடுப்பில் தீ நிற்பதில்லை. ஆய்வக முடிவு (கழிவு புளிக்கும்போது வரும் அமிலங்கள்): அசிட்டேட் லிட்டருக்கு 0.9 கிராம், புரோப்பியோனேட் 2.1 கிராம். 20 மில்லி ஸ்லரியை (கலனுக்குள் இருக்கும் கரைசலை) 0.1 நார்மல் கந்தக அமிலத்தில் டைட்ரேட் செய்தால் பி.எச் 5.0 வர 18 மில்லி, அங்கிருந்து 4.4-க்கு 4.4 மில்லி.

கார்பன் விற்பவர் சொல்வது: "நுண்ணுயிரிகள் கார்பன் வழியா எலக்ட்ரானை நேரடியா கைமாத்தும், மீத்தேன் கூடும்." ஹைட்ரஜன் வழியாகத்தானே கைமாறும் என்று படித்த நினைவு. எது சரி? போடுவதென்றால் எத்தனை கிலோ?

எட்டுக்குஒன்று:
இரண்டும் நடக்கிறது. ஆனால் "கூடும்" என்ற சொல்லில்தான் தகராறு.

கார்பன்-டை-ஆக்சைடு ஒரு மீத்தேன் ஆக 8 எலக்ட்ரான் வேண்டும். எலக்ட்ரான் வருவது உணவிலிருந்து மட்டுமே. ஒரு புரோப்பியோனேட்டில் 14 எலக்ட்ரான் இருக்கிறது, ஆக 1.75 மீத்தேன். கார்பனைக் கொட்டினாலும் தங்கத்தைக் கொட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. கார்பன் பாதை போடலாம், சரக்கு தராது. மாறக்கூடியது வேகம்.

புரோப்பியோனேட் ஏன் முதலில் தேங்குகிறது? அதை அசிட்டேட்டாக உடைக்கும் பாக்டீரியா 3 ஹைட்ரஜனை வெளியே விடுகிறது. திட்ட நிலையில் அந்த வினைக்கு மோலுக்கு 76 கிலோஜூல் பற்றாக்குறை. ஹைட்ரஜன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால்தான் அதற்கு லாபம் வரும். பத்து லட்சத்தில் ஒரு பங்குவரை போய்விட்டால் அந்த ஹைட்ரஜனை உண்டு மீத்தேன் விடும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகளுக்கு நஷ்டம். இரண்டும் பிழைக்கிற இடைவெளி அவ்வளவுதான். நீங்கள் தீனியை 80 சதவீதம் ஏற்றினீர்கள், சோறு ஒரே நாளில் புளித்து ஹைட்ரஜனைக் கொட்டுகிறது, இடைவெளி மூடிக்கொள்கிறது. ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) வழியாகவும் எலக்ட்ரான் போகும், அதற்கும் இதே நெருக்கடிதான்.

நேரடிக் கடத்தல் 2010-இல் ஜியோபேக்டர் என்ற பாக்டீரியாவின் இரண்டு இனங்களைச் சேர்த்து எத்தனாலில் வளர்த்தபோது காட்டப்பட்டது. 2014-இல் ஜியோபேக்டரோடு மெத்தனோத்ரிக்ஸ் என்ற மீத்தேன் ஆர்க்கியா. இந்த ஆர்க்கியாவுக்கு ஹைட்ரஜனை உண்ணவே தெரியாது, அதனால் அந்தச் சான்று கனமானது. ஆனால் இரண்டிலும் உணவு எத்தனால். புரோப்பியோனேட் நிறைந்த உங்கள் கலனில் அதே விஷயம் நடக்கும் என்று அதை வைத்து உறுதி சொல்ல முடியாது.

ஸ்லரி_வாளி:
கார்பனைப் பிறகு பார்ப்போம். உங்கள் டைட்ரேஷனைக் கணக்குப் போடுங்கள்: அமிலம் = (4.4 × 1.66 − 0.15) × 500 = லிட்டருக்குச் சுமார் 3,580 மில்லிகிராம். தாங்குதிறன் (அமிலத்தைச் சமன்செய்யும் காரத்தன்மை) = 18 × 250 = லிட்டருக்கு 4,500 மில்லிகிராம். அமிலம்/தாங்குதிறன் விகிதம் 0.79. 0.4-ஐத் தாண்டினாலே தீனியைக் குறைக்க வேண்டும். சமையல் கழிவில் ஆவியாகும் திடப்பொருள் (எரித்தால் போய்விடும் கரிமப் பகுதி) ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால் கன மீட்டருக்கு நாளுக்கு 2 கிலோவிலிருந்து 3.6 கிலோவுக்குப் போயிருக்கிறீர்கள். தண்ணீரையும் ஏற்றியதால் தங்கும் நாள் 50-லிருந்து 28 ஆனது, புரோப்பியோனேட்டை உண்பது மெதுவாக வளரும் கூட்டம், அதையே வெளியே கழுவிவிடுகிறீர்கள்.

தீனியை நிறுத்துங்கள், கலக்குவதை நிறுத்தாதீர்கள். விகிதம் 0.4-க்குக் கீழே வந்ததும் 50 கிலோவில் தொடங்கி வாரம் 10 கிலோ ஏற்றுங்கள், தண்ணீரைப் பாதியாக்குங்கள். பி.எச் 6.6-க்குக் கீழே போனால் மட்டும் சமையல் சோடா: 10 கிலோ போட்டால் தாங்குதிறன் 600 ஏறும். சுண்ணாம்பு வேண்டாம். அது வாயுவிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை இழுத்து அடியில் கல்லாகப் படியும், மூடிய கலனில் உள்ளிழுப்பும் உண்டாகும்.

இன்னொன்று: பருப்பு, இறைச்சி மிகுந்து அம்மோனியா ஏறிய கலன்களில் புரோப்பியோனேட் அடம்பிடித்தால் செலினியமும் கோபால்ட்டும் குறைவா என்று பாருங்கள். இலக்கு லிட்டருக்கு 0.16, 0.22 மில்லிகிராம். 10 கன மீட்டருக்குச் சோடியம் செலினைட் 3.5 கிராம், ஆறு நீர் மூலக்கூறுள்ள கோபால்ட் குளோரைடு 9 கிராம். தராசு இல்லாமல் தொடாதீர்கள், இரண்டும் விஷம், கையுறை கட்டாயம். நாளுக்கு இரண்டு வாளி மாட்டுச் சாணம் போடுவது எளிது, அதிலும் இவை கொஞ்சம் இருக்கின்றன.

கேன்டீன்கலன்:
தீனியை நிறுத்திவிட்டேன். இருந்தாலும் கார்பனைச் சின்ன அளவில் சோதிக்க வழி உண்டா? சிரட்டைக் கரியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், மின்சாரம் கடத்தவே இல்லை.

எட்டுக்குஒன்று:
கரி குறைவாகக் கடத்தினாலே பயனில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஆக்டிவேட்டட் கார்பனைவிட ஆயிரம் மடங்கு குறைவாகக் கடத்தும் பயோசாரிலும் (தாவரக் கழிவைச் சுட்டெடுத்த கரி) ஆய்வகத்தில் விளைவு கிடைத்தது.

500 மில்லி கண்ணாடிப் பாட்டில் ஒன்பது, ஒவ்வொன்றிலும் உங்கள் ஸ்லரி 300 மில்லி. அதற்கு முன் ஸ்லரியை 5 நாள் தீனியின்றி 37 டிகிரியில் வைத்து வாயுவைத் தீர்த்துவிடுங்கள். மூன்றில் எதுவும் இல்லை. மூன்றில் குருணை கார்பன் 3 கிராம். மூன்றில் அதே கன அளவு கண்ணாடி மணி (சின்ன உருண்டைகள்). மணி எதற்கு? கார்பன் நுண்ணுயிரிக்கு உட்கார இடம் தருவதாலேயே வேகம் கூடலாம், அதைப் பிரித்தறிய. எல்லாவற்றிலும் சோடியம் புரோப்பியோனேட் 0.58 கிராம். அது போடாத பாட்டில் இரண்டு தனியாக வைத்து, அவற்றின் வாயுவைக் கழியுங்கள். நைட்ரஜன் ஊதி மூடி, குழாயை 3 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் விட்டு நீர் இடப்பெயர்ச்சியில் அளக்கவும், கார்பன்-டை-ஆக்சைடு கரைந்துபோகும். குழாய் அடைத்தால் மூடி பறக்கும்.

மொத்தம் 235 மில்லிக்குப் பக்கத்தில் வர வேண்டும். கார்பன் பாட்டில் 300 காட்டினால் எங்கோ அளவு தப்பியிருக்கிறது. பார்க்க வேண்டியது 120-ஐ எந்தப் பாட்டில் முதலில் தொடுகிறது என்பது. கார்பன் மட்டும் முந்தி, மணி சும்மா இருந்ததோடு சமமாக வந்தால் மேலே பேசலாம். அப்போதும் நுண்ணுயிரிக்கு நஞ்சான சல்ஃபைடைக் கார்பன் உறிஞ்சியதால் வந்த பலன் என்ற சந்தேகம் மிச்சம்.

ஸ்லரி_வாளி:
விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனையில் போடுவது லிட்டருக்கு 10 கிராம், உங்கள் கலனுக்கு அது 100 கிலோ. தூளானால் ஸ்லரியோடு வெளியே போகும், குருணையானால் அடியில் தங்கி பம்பின் இம்பெல்லரைத் தேய்க்கும்.