லிமிட் ஹோல்டெம்: ரிவர்ல ஒத்த பெட்டுக்கு டாப் பேர ஃபோல்டு பண்ணிட்டேன், தப்பா?

சேலத்தான்_ஜெர்சி:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேள்வி போடறேன். நான் இருக்கறது நியூஜெர்சில, இங்க 2013 நவம்பர்ல இருந்து ஆன்லைன் போக்கர் சட்டப்படி ஆடலாம். மூணு வருஷமா எவ்வளவு வேணா பெட் போடலாம்ங்கற நோ லிமிட்தான் ஆடிட்டு இருந்தேன், ஒரு கை தப்பா போனா அன்னிக்கு மொத்த காசும் போயிடும், படுத்தா தூக்கம் வராது, அதனால ரெண்டு மாசமா லிமிட்டுக்கு வந்துட்டேன். 50 சென்ட் - 1 டாலர் டேபிள், ஆறு பேர். அதாவது ஃப்ளாப் (நடுவுல விரிக்கற முதல் மூணு கார்டு) வரைக்கும் பெட்டு 50 சென்ட், டர்ன்லயும் (நாலாவது கார்டு) ரிவர்லயும் (அஞ்சாவது, கடைசி கார்டு) 1 டாலர், அதுக்கு மேல இஷ்டத்துக்கு ஏத்த முடியாது.

நேத்து வந்த கை இது. நான் பட்டன்ல (டீலர் சீட்டு, ஃப்ளாப்ல இருந்து கடைசியா பேசற இடம்), கைல க்ளாவர் ஏஸ், டைமன் ஜாக். எனக்கு ரெண்டு சீட்டு முன்னாடி ஒருத்தர் ரெய்ஸ் பண்ணாம குறைஞ்ச காச மட்டும் போட்டு சும்மா லிம்ப் பண்ணாரு, நான் ரெய்ஸ், ஸ்மால் பிளைண்ட் கார்ட போட்டுட்டு ஃபோல்டு, பிக் பிளைண்டும் (இந்த ரெண்டு சீட்டும் கார்டு பாக்கறதுக்கு முன்னாடியே காசு போடணும்) லிம்ப் பண்ணவரும் கால், அதாவது அதே அளவு போட்டு கூட வந்தாங்க. பாட்ல (நடுவுல சேந்த காசு) 3.25 டாலர்.

ஃப்ளாப்: ஆட்டின் ஜாக், ஆட்டின் 8, க்ளாவர் 3. எனக்கு டேபிள்ல இருக்கற பெரிய கார்டோட ஜோடி, அதான் டாப் பேர். ரெண்டு பேரும் செக் (பெட் போடாம விடறது), நான் பெட், ரெண்டு பேரும் கால். பாட் 4.75.

டர்ன்: ஸ்பேட் 2. மறுபடி செக் செக், நான் 1 டாலர் பெட், பிக் பிளைண்ட் போயிட்டாரு, லிம்ப் பண்ணவரு மட்டும் கால். பாட் 6.75.

ரிவர்: ஆட்டின் 6. இதுவரைக்கும் செக், கால், செக், கால்னு இருந்த மனுஷன் டக்குனு 1 டாலர் பெட் போட்டாரு. மூணாவது ஆட்டின் விழுந்த அடுத்த செகண்ட்லயே போட்டாரு. நான் அஞ்சு கார்டும் ஒரே சின்னமா வர்ற ஃப்ளஷ்ஷுதான்னு நெனச்சு ஃபோல்டு. அவரு கார்டு காட்டல. காலைல இருந்து மண்டைக்குள்ள இதே ஓடிட்டு இருக்கு. நான் பண்ணது சரியா தப்பா, கொஞ்சம் சொல்லுங்க.

பாட்_கணக்கு:
தம்பி, கால் பண்ணியிருக்கணும். யோசிக்கவே வேண்டாம்.

அவர் பெட் போட்டதும் பாட்ல 7.75 டாலர் இருக்கு, நீங்க போட வேண்டியது 1 டாலர். எட்டு தடவ இதே மாதிரி கால் பண்ணி ஏழு தடவ தோத்து ஒரே ஒரு தடவ ஜெயிச்சாலும் 7 டாலர் போயி 7.75 வருது, கைல லாபம்தான் நிக்குது. சதவீதமா சொன்னா 11.4 இருந்தா போதும். இதே பாட்டுக்கு நோ லிமிட்ல 6 டாலர் பெட் வந்திருந்தா 32 சதவீதம் வேணும், அங்க நீங்க ஃபோல்டு பண்றது நியாயம். மூணு வருஷம் அங்க ஆடி ஆடி கை அந்தக் கணக்குக்குப் பழகிடுச்சு, அதையே இங்க தூக்கிட்டு வந்துட்டீங்க. நோ லிமிட்ல இருந்து வர்ற எல்லாரும் காச விடற முதல் ஓட்டை இதுதான், நானும் ஒரு வருஷம் இப்படித்தான் விட்டேன்.

சரி, அவரு கிட்ட என்ன இருக்கும்னு எண்ணிப் பாப்போம். டேபிள்ல ஆட்டின் ஜாக், 8, 6 மூணு போச்சு, மிச்சம் பத்து ஆட்டின். பத்துல ரெண்டு எடுத்தா 45 ஜோடி. அந்த 45லயும் அவரு லிம்ப் பண்ணி, கால் பண்ணி, இப்ப பெட் போட்டிருக்காருன்னே வெச்சுக்கலாம். நெஜத்துல ஆட்டின் 7-2 எல்லாம் யாரும் உள்ள கொண்டு வர மாட்டாங்க, ஏஸ்-கிங் இருந்தா லிம்ப் பண்ணியிருக்கவும் மாட்டாங்க, இருந்தாலும் எல்லாத்தையும் அவருக்கே குடுத்துடுவோம். ரெண்டு ஜோடி, இல்ல ஒரே நம்பர் மூணு வர்ற செட்டுன்னு ஒளிச்சு வெச்சு ஆடினாருன்னு இன்னொரு 10 சேத்துக்கோங்க, ஆச்சு 55. 55ஐ 7.75ஆல வகுத்தா ஏழு. அதாவது நீங்க ஜெயிக்கிற கை வெறும் ஏழெட்டு ஜோடி அவருகிட்ட இருந்தா கால் நஷ்டமே இல்ல.

இப்ப அந்தப் பக்கம் பாருங்க. ஜாக்ல ரெண்டுதான் வெளிய மிச்சம், ஸ்பேடும் க்ளாவரும். கிங்-ஜாக் 8, குயீன்-ஜாக் 8, ஜாக்-பத்து 8, மொத்தம் 24. ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையா அஞ்சு கார்டு) ஓடி வராம போன பத்து-ஒன்பது 15. இந்த 39ல ஏழு எட்டு தடவ கூட பெட் போட மாட்டாருன்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமா?

நிதானம்:
நான் இதுல கொஞ்சம் மாறுபடறேன் அண்ணா. கணக்கு சரி, ஆள் யாருன்னு பாக்காம அத மட்டும் போட்டா எப்படி? சின்ன டேபிள்ல ரெண்டு தெருவு (பெட் ரவுண்டு) செக்-கால்னு வந்துட்டு மூணாவது ஆட்டின் விழுந்ததும் தானா பெட் போடற ஆளுங்கள நான் நிறைய பாத்திருக்கேன். அவங்க கிங்-ஜாக் வெச்சிருந்தா மறுபடி செக்தான் பண்ணுவாங்க, பயந்துட்டு. பத்து-ஒன்பது மிஸ் ஆனா சத்தமில்லாம ஃபோல்டு. ஒண்ணுமில்லாத கைய வெச்சு பெட் போட்டு பயமுறுத்தற ப்ளஃப்ங்கற யோசனையே அவங்களுக்கு வராது. நீங்க சொன்ன 39ல அவங்க ரெண்டு மூணு கூட பெட் போட மாட்டாங்க. அந்த மாதிரி ஆளுன்னு உறுதியா தெரிஞ்சா நான் ஃபோல்டு பண்ணுவேன், பண்ணியும் இருக்கேன்.

பாட்_கணக்கு:
நிதானம், நீங்க சொல்ற ஆளு இருக்காரு, ஒத்துக்கறேன். ஆனா அந்த ஃபோல்டுக்கு ஒரு விலை இருக்குல்ல. தப்பா கால் பண்ணா போறது 1 டாலர். தப்பா ஃபோல்டு பண்ணா போறது 7.75 டாலர். அதனால ‘அப்படித்தான் தோணுது’ங்கறது பத்தாது, பத்துக்கு ஒம்போது தடவ அவரு ஜெயிப்பாருன்னு தெரிஞ்சிருக்கணும். தம்பி, அந்த ஆளோட எத்தன கை ஆடியிருக்கீங்க? ரிவர்ல அவரா பெட் போட்டு கார்டு காட்டினத எத்தன தடவ பாத்திருக்கீங்க? அஞ்சாறு தடவ பாத்து அஞ்சாறு தடவையும் பெரிய கைன்னா நிதானம் சொன்னது சரி. ஒரு தடவையும் பாக்கலன்னா கால் பண்ணி கார்ட பாருங்க, அந்த 1 டாலர்ல அந்த ஆளப் பத்தின தகவலும் சேந்து வருது, அத நோட்ல எழுதி வெச்சுக்கோங்க.

சேலத்தான்_ஜெர்சி:
ஒரு 40 கை ஆடியிருப்பேன் அண்ணா. அவரு ரிவர்ல பெட் போட்டு காட்டினத ஒரு தடவ கூட பாக்கல. இதுல எனக்கு இன்னொரு ஆத்திரமும் இருக்கு, அது ஃப்ளஷ்ஷா இருந்தா நான் ஃப்ளாப்லயும் டர்ன்லயும் பெட் போட்டும் அவரு விடாம வந்தாருல்ல, அத நான் எப்படி தடுத்திருக்கணும்?

வல்வை_டொராண்டோ:
தம்பி, அதைத் தடுக்க ஏலாது. லிமிட் எண்டா அதுதான். நான் டொராண்டோவில இருக்கிறன், 2022 ஏப்ரல்ல ஒன்டாரியோவில சந்தையைத் திறந்து விட்ட பிறகுதான் ஆன்லைனில விளையாடத் தொடங்கினனான், அதுக்கு முதல் காசினோ மேசையிலதான். மேசையில ஆக்கள் இதுக்குத்தான் கூட கோவப்படுறவை.

அவரிட்ட ரெண்டு ஆட்டின் இருந்தது எண்டு வைப்பம். டர்னில நீங்கள் 1 டாலர் போட, பிக் பிளைண்ட் போனாப் பிறகு அவருக்கு முன்னால 5.75 டாலர் கிடக்குது, அவர் போட வேண்டியது 1. தெரியாத கார்ட் 46, அதில ஒன்பது ஆட்டின், மிச்சம் 37. அப்ப தோற்கிறது வெல்லுறது 4.1க்கு 1. அவருக்குக் கிடைக்கிறது 5.75க்கு 1. அவர் வந்தது முழுக்கச் சரி, நீங்கள் அவரின்ர இடத்தில இருந்தாலும் வரத்தான் வேணும். அதுக்கு ஏன் கோவிக்கிறியள்?

ஆனா அவரிட்ட குயீன்-பத்து மாதிரி ஒரு கட்ஷாட் மட்டும் இருந்திருந்தா என்ன நடக்கும் எண்டு பாருங்கோ. ஒன்பது வந்தால்தான் ஸ்ட்ரெய்ட், நாலு கார்ட் மட்டும்தான். 42க்கு 4, அதாவது 10.5க்கு 1. கிடைக்கிறது அதே 5.75. ரிவரில அடிச்சாப் பிறகு உங்களிட்ட இருந்து இன்னும் ஒண்டு ரெண்டு பெட் எடுத்தாலும் காணாது. அப்ப ஒவ்வொரு தரமும் அந்த ஒரு டாலரில கனக்கக் காசை உங்களுக்குத் தந்துபோட்டுத்தான் போறார். எங்கட வருமானம் அங்கதான் இருக்கு, அதால டர்னில நீங்கள் போட்ட பெட் மெத்த நல்ல பெட்.

ஃப்ளாப்பில கதை வேற. அங்க பெட் பாதி விலை, முன்னால இன்னும் ரெண்டு பெரிய தெரு இருக்கு. உங்கட பிக் பிளைண்ட் கட்ஷாட்டோட வந்திருந்தா அவருக்கு 7.5க்கு 1 கிடைச்சிருக்கு, வேண்டியது 10.75. அடிச்சா பிறகு ரெண்டு மூண்டு பெரிய பெட் எடுக்கலாம் எண்டபடியா அது எல்லையில நிக்கிற கால். நான் அதை, டேபிள்ல இருக்கிறதைவிட பெரிய ரெண்டு கார்டோ, டர்னும் ரிவரும் ரெண்டும் வந்தால்தான் அமையிற பின்கதவு ஃப்ளஷ்ஷோ இருந்தால்தான் செய்வன். டர்னில அதே கட்ஷாட்டைத் தூக்கிக் கொண்டு போறவை நிரம்பப் பேர், அதைச் செய்யாதேங்கோ.

கோவை_மாலை:
ரொம்ப நல்ல விளக்கங்க வல்வை அண்ணா, நன்றிங்க. நான் இந்தியாவுல இருக்கேன், 2025 ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்துக்கு அப்புறம் இங்க காசு வெச்சு ஆன்லைன்ல ஆட முடியாதுங்க, அதனால இங்க இருந்து படிக்கிற தம்பிங்க யாரும் இந்தக் கணக்கப் பாத்துட்டு குறுக்கு வழில எங்கயாவது காசு போட்டு இறங்கிடாதீங்க, தயவுசெஞ்சு. எனக்கு இது கணக்குப் பாடமாத்தான் பிடிச்சிருக்கு.

ஒண்ணு சேத்துக்கறேன். கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல செஃபியஸ்னு ஒரு புரோகிராம் செஞ்சாங்க, 2015 ஜனவரில சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு. ரெண்டு பேர் ஆடற லிமிட் ஹோல்டெம் கிட்டத்தட்ட தீர்க்கப்பட்டுடுச்சுன்னு அதுல சொன்னாங்க. ஒருத்தர் 70 வருஷம், தினமும் 12 மணி நேரம், மணிக்கு 200 கைன்னு அது கூட ஆடினா கூட அத ஜெயிக்கிறோம்னு உறுதியா சொல்ல முடியாத அளவுக்கு. நான் அதப் பத்தி படிச்சப்ப என்ன யோசிக்க வெச்சது, அது டீலர் சீட்டுல லிம்ப் பண்றதே கிட்டத்தட்ட இல்லீங்க. ஒண்ணு ரெய்ஸ், இல்ல ஃபோல்டு. உங்க கதைல லிம்ப் பண்ணி உள்ள வந்தவரு ஆரம்பத்துலயே தன் கை நடுத்தரம்னு சொல்லிட்டாருன்னுதான் நான் எடுத்துக்குவேன். ஆனா ஒண்ணுங்க, அது ரெண்டு பேர் ஆட்டம். ஆறு பேர் டேபிளுக்கு அந்தக் கைகள அப்படியே தூக்கிட்டு வந்தா நஷ்டம்தான், ரெண்டு பேருக்குள்ள ரெய்ஸ் பண்ணலாம்ங்கற பாதி கைகள ஆறு பேர் டேபிள்ல முதல் சீட்டுல தொடவே கூடாது.

நிதானம்:
கோவை சொன்ன லிம்ப் விஷயம் சரி. தம்பி, இன்னொண்ணு, கைல எவ்வளவு வெச்சுட்டு ஆடறீங்க? லிமிட்ல ஒரே கைல மொத்தமும் போகாது, அதனால பத்திரம்னு தோணும், ஆனா மெதுவா வாரக்கணக்குல இறங்கும். 300 பெரிய பெட்டுங்கறது பழைய கணக்கு, உங்க டேபிளுக்கு 300 டாலர். வீட்டு வாடகைக்கு வெச்ச காசு அதுல கலக்கவே கூடாது. சின்ன டேபிள்ல கமிஷனும் நல்லாவே கடிக்கும், அதனால முன் சீட்டுல இருக்கும்போது கைகள குறைச்சுக்கோங்க.

சேலத்தான்_ஜெர்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தனி அக்கவுண்ட்ல 420 டாலர் இருக்கு அண்ணா, சம்பளக் காசத் தொடறதில்ல.

நேத்து ராத்திரி உக்காந்து சேவ் பண்ணி வெச்ச பழைய கைகள எல்லாம் எடுத்துப் பாத்தேன். இந்த ரெண்டு மாசத்துல ரிவர்ல ஒத்த பெட்டுக்கு ஏதோ ஒரு பேரோட ஃபோல்டு பண்ணது மட்டும் 31 தடவ. அதுல பாட் ஆறு டாலருக்கு மேல இருந்தது 19. அந்த 19ல நாலு கைல என்கூட இன்னொருத்தரும் இருந்து அவரு கால் பண்ணியிருக்காரு, அதனால கார்டு தெரிஞ்சுது. மூணுல பெட் போட்டவரு நெஜமாவே பெரிய கை. நாலாவதுல அவருகிட்ட குயீன்-ஜாக், நான் தூக்கிப் போட்டது கிங்-ஜாக். 9 டாலர் பாட்டு. கால் பண்ணவரு என்ன விட சின்ன கைய வெச்சுட்டு நின்னிருக்காரு. அத பாத்துட்டு கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தேன்.

இன்னிக்கு காலைல மறுபடி அதே மாதிரி ஒரு இடம் வந்துச்சு, கால் பண்ணேன், ஃப்ளஷ் காட்டினாரு, 1 டாலர் போச்சு, நோட்ல எழுதிட்டேன். அது பரவால்ல. ஆனா அதுக்கு அப்புறம் ஒரு கை. பட்டன்ல ஏஸ்-குயீன், டேபிள்ல குயீன், 7, 4, 2, 9, ஃப்ளஷ்ஷுக்கு வழியே இல்ல. ஒருத்தர்தான் எதிர்ல, எல்லாத்தையும் கால் பண்ற ஆளு. ரிவர்ல அவரு செக், நானும் செக் பண்ணிட்டேன், ரெய்ஸ் வந்துடுமோன்னு. அவரு குயீன்-பத்து காட்டினாரு. பாட் எனக்குத்தான் வந்துச்சு. இதுலயும் தப்பு இருக்கா?

பாட்_கணக்கு:
இருக்கு தம்பி. குயீன்-பத்து கால் பண்ணியிருப்பாரு, 7 வெச்சிருந்தாலும் கால் பண்ணியிருப்பாரு. ரிவர்ல கடைசி ஆளா பேசறப்ப, அவரு கால் பண்ற கைகள்ல பாதிக்கு மேல உங்க கைகிட்ட தோக்கும்னா பெட் போட்டே ஆகணும், அந்த மாதிரி ஆளுகிட்ட ஏஸ்-குயீனுக்கு அது பாதிய விட ரொம்ப மேல. ரெய்ஸ் வந்தா ஒரு பெட்டு, அப்பவும் பாட்ட பாத்து கால் பண்ணுங்க. அந்த 31 கைய எடுத்த மாதிரியே ரிவர்ல கடைசி ஆளா செக் பண்ணி ஜெயிச்ச கைகளையும் தனியா எடுத்துப் பாருங்க, எத்தனன்னு இங்க போடுங்க.