ரெண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு பிரிண்டர்: சுவிட்ச் போதும் என்பவர்களுக்கு

மின்வாசகன்:
முன்மேசையில் ஒரு கம்ப்யூட்டர், உள்ளறையில் ஒன்று, பிரிண்டர் ஒன்றே ஒன்று, என்ன செய்வது என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். "யூஎஸ்பி சுவிட்ச் (ஒரு பிரிண்டரை ரெண்டு கம்ப்யூட்டருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வாங்கி மாட்டுங்க, வேலை முடிஞ்சது" என்று நம் ஜெராக்ஸ்கடை செல்வம் பதில் சொல்லியிருக்கிறார். முடியாது சார், அங்கேதான் ஆரம்பிக்கும். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பொத்தானை அமுக்கி மாற்றுகிற சாதா சுவிட்ச் சிக்னலைப் புதுப்பிக்காது. பிரிண்டரிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து கம்ப்யூட்டர், இரண்டு கேபிளையும் கூட்டித்தான் அந்த 5 மீட்டர். 3 மீட்டரும் 3 மீட்டரும் வாங்கிப் போட்டால் 6. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதீர்கள்.

ஜெராக்ஸ்கடை செல்வம்:
வாங்க சார், இன்னும் காணோமே என்று பார்த்தேன். என் கடையில் மொத்தம் 8 மீட்டர் ஓடுகிறது. பிரிண்டர் கேனான் 2900. தாலுகா ஆபீஸ் எதிரே கடை. பட்டா நகலுக்கு நிற்கிறவரிடம் "விதிப்படி 5 மீட்டர்தான் ஐயா, போய்ட்டு வாங்க" என்று சொல்லட்டுமா?

மின்வாசகன்:
ஓடுகிறது என்பது வேறு, ஓடும் என்று அடுத்தவருக்குச் சொல்வது வேறு. கேபிளைக் கடக்க சிக்னலுக்கு 26 நானோ விநாடிதான் அவகாசம். 5 மீட்டர் அதிலிருந்து வருகிறது, என் வீட்டுக் கணக்கு இல்லை.

தெற்குவீதி ராணி:
முழம் போட்டது போதும். மாட்டிய கம்ப்யூட்டரில் பிரிண்டரை ஷேர் கொடுத்துவிட்டு மற்றதில் நெட்வொர்க் வழியாகச் சேர்த்தால் ஆயிற்று. முதல் கம்ப்யூட்டர் ஆனில் இருக்க வேண்டும், ஸ்லீப்பில் போகக் கூடாது, அவ்வளவுதான். சுவிட்ச் என்றால் முன்மேசைக்காரர் பத்திரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கிற பையன் பொத்தானை அமுக்குவான். பாதித் தாளோடு நிற்கும்.

ஜெராக்ஸ்கடை செல்வம்:
அவ்வளவுதானா அக்கா? 2021இல் விண்டோஸில் பிரிண்ட் வேலைகளை வரிசையில் அனுப்புகிற ஸ்பூலரில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிறோம் என்று அப்டேட் மேல் அப்டேட் விட்டார்களே, அதற்கப்புறம் ஷேர் பண்ணினவர்கள் எல்லாம் 11பி எரர் என்று அலைந்தது மறந்துவிட்டதா? அப்போது நானும் கேட்டேன். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. கடைசியில் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து 0 போட்டுத்தான் பிழைத்தேன்.

தெற்குவீதி ராணி:
அந்த 0 போட்டால் அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்தாயிற்று. ரெண்டு கம்ப்யூட்டரிலும் அப்டேட் போட்டிருக்கலாம். உங்கள் விண்டோஸில் ஏன் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜெராக்ஸ்கடை செல்வம்:
என் விண்டோஸ், என் பாடு. பிரிண்டரைப் பற்றிப் பேசுங்கள்.

பழையசாதம்:
எதற்குச் சண்டை? ராஸ்பெரி பை என்கிற கையளவு கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, பிரிண்டரை நெட்வொர்க்கில் பகிர்கிற கப்ஸ் மென்பொருளை ஏற்றினால் வீடு முழுக்க பிரிண்ட் போகும்.

மின்வாசகன்:
போகும் தம்பி, பிரிண்டரைப் பொறுத்து. 2900க்கு கேனான் கொடுத்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைச் சிப்புக்கு எழுதியது, ராஸ்பெரி பையில் இருப்பது ஆர்ம் என்கிற வேறு வகைச் சிப். எச்பி 1020ஐ எடுத்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதற்கு ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்குகிற உள் மென்பொருளை, ஊட்டிவிட வேண்டும். ரௌட்டரின் யூஎஸ்பியில் செருகிவிட்டு "ஏன் அசையவில்லை" என்று கேட்கிறவர்கள் நிறைய. ஊட்ட அங்கே ஆள் இல்லை. அது இருக்கட்டும், 8 மீட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஜெராக்ஸ்கடை செல்வம்:
கடையில் 10 மீட்டர் யூஎஸ்பி கேபிளே விற்கிறானே சார். சட்டவிரோதமாகவா விற்கிறான்?

மின்வாசகன்:
அதன் ஒரு முனையில் தடித்த உருண்டை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சிப். அது வெறும் கேபிள் இல்லை, ஒற்றை போர்ட் ஹப், அதாவது சிக்னலைப் புதுப்பித்து அனுப்புகிற சாதனம். ஹப் வைத்தால் 5 ஹப் வரை அடுக்கி 30 மீட்டர்கூடப் போகலாம்.

ஜெராக்ஸ்கடை செல்வம்:
ஆக 30! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், இவரே 30 என்கிறார். காலையிலிருந்து 5, 5 என்று உயிரை வாங்கியது யார்?

மின்வாசகன்:
ஒவ்வொரு துண்டும் 5 மீட்டர். துண்டு. ஹப் இல்லாமல் 5. சுவிட்ச் ஹப் இல்லை. இதற்கு மேல் எப்படிச் சொல்வது? லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டலாம் என்று சொன்னவரும் நீங்கள்தானே. உருளை சூடாகும்போது இழுக்கிற கரண்டில் யூபிஎஸ் கத்தும் என்று அன்றும் நான்தான் சொன்னேன், அன்றும் கேட்கவில்லை.

பழையசாதம்:
யூபிஎஸ் கதைக்கு இப்போது என்ன அவசியம்?

தெற்குவீதி ராணி:
கேள்வி கேட்டவருக்கு என்ன பிரிண்டர் என்றே ஒருத்தரும் கேட்கவில்லை. வைஃபை இருக்கிற மாடலாகக்கூட இருக்கலாம்.

ஜெராக்ஸ்கடை செல்வம்:
அது அவர் கவலை. என் 8 மீட்டர் கேபிளில் உருண்டையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.

மின்வாசகன்:
யூபிஎஸ்ஸுக்கும் நாளைக்குத்தான் என்றீர்கள். இரண்டு முனையும் தெரிகிற மாதிரி எடுங்கள். அளக்கிற டேப்பையும் பக்கத்தில் வையுங்கள்.