கன்டோன்மெண்டா, நகராட்சியா?

குழு: வெலிங்டன் வீட்டார்

சின்னவன்: பெரியப்பா, பாதுகாப்புத் துறையின் கீழ் கன்டோன்மெண்ட் போர்டு நிர்வகிக்கும் நம் பகுதியைக் குன்னூர் நகராட்சியோடு சேர்க்கும் பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறதாமே? சேர்ந்தால் நல்லது. மாடியில் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டே அப்பாவுக்குத் தலை நரைத்துவிட்டது.

பெரியப்பா: 2023-இல் இமாச்சலப் பிரதேசத்தில் யோல் கன்டோன்மெண்டை இப்படித்தான் கலைத்தார்கள். அனுமதி எளிதாகலாம், மறுக்கவில்லை. ஆனால் குப்பையை இவ்வளவு ஒழுங்காக யார் அள்ளுவார்கள்?

அண்ணி: பொங்கலுக்கு வந்தபோது அடையாள அட்டை காட்டச் சொன்னார்கள் மாமா. மாமியார் வீட்டுக்கு வர அட்டையா!

பெரியப்பா: கேட்கத்தான் செய்வார்கள் அம்மா. மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் கல்லூரியும் இருக்கிற இடம். பிரிவினையின்போது 1947-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் குவெட்டாக் கல்லூரியின் இந்தியப் பங்கு இங்கே வந்திராவிட்டால் எனக்குத் தையல் கடை ஏது? ஜூனில் புது அதிகாரிகள் வருவார்கள், ஏப்ரலில் கிளம்பிவிடுவார்கள். ஊட்டியே நிரம்பி வழியும் மே மாதத்தில் என் கல்லாதான் காலி.

சின்னவன்: உங்களுக்குச் சரி. மளிகைக் கடை வைத்திருக்கும் சித்தப்பாவைக் கேளுங்கள். ராணுவக் கேன்டீனில் விலை குறைவாக இருக்கும்போது அவரிடம் யார் சோப்பு வாங்குவார்கள்?

சித்தப்பா: 👍

சித்தி: அந்தக் கட்டைவிரலை எடுங்கள். பயிற்சி முடிந்த வீரர்களின் அணிவகுப்புக்குப் பெற்றோர் வந்து இறங்கும்போது நம் கடையில் பிஸ்கட்கூட மிஞ்சுவதில்லை. அதைச் சொல்ல மாட்டீர்களே!

அத்தை: கேன்டீன், அட்டை என்று கணக்குப் பார்க்கிறீர்கள். 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோது, உள்ளே இருப்பது முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் என்று தெரிந்தா ஓடினார்கள்? குடத்தில் தண்ணீர், கையில் கம்பளி. எரிகிற நெருப்புக்கு அருகே போனவர்கள் கூலி வேலை செய்பவர்கள்.

அண்ணி: ராணுவம் அந்த ஊரைத் தத்தெடுத்ததே அத்தை?

அத்தை: ஓராண்டுக்கு. மாதம் ஒருமுறை மருத்துவரையும் செவிலியரையும் அனுப்புவதாகச் சொன்னார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நோய்க்கு ஓராண்டுக் கணக்கு தெரியுமா?

சின்னவன்: அதனால்தான் சொல்கிறேன். நமக்கு வேண்டியது தயவு இல்லை, வாக்குப் போட்டுக் கேள்வி கேட்கக்கூடிய நகராட்சி.

பெரியப்பா: கன்டோன்மெண்ட் போர்டுக்கும் வாக்குப் போட்டிருக்கிறோம், தம்பி. என்ன, தலைவர் நாற்காலியில் ராணுவ அதிகாரிதான் உட்காருவார்.

சித்தப்பா: நகராட்சியோ போர்டோ, எனக்கு ஒரே கேள்வி. பல வீடுகளில் சுவர் நம்முடையது, மண் பாதுகாப்புத் துறையுடையது. சேர்த்த பிறகு மண் யாருடையது?

பெரியப்பா: அதை எழுதிக் கொடுக்கட்டும், பிறகு பேசலாம். பழைய வரி ரசீதுகள் யாரிடம் இருக்கின்றன?

சித்தி: பீரோவின் மேல்தட்டில். இரவு படம் எடுத்து அனுப்புகிறேன்.