கலைச்சொல் வேண்டும்: எஞ்சினின் காற்றுவழியில் பிறகு மாட்டும் உறுப்புக்கு

அன்பர்களுக்கு வணக்கம்.

வாகனப் பணிமனைப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒன்பதாம் இயலில் முட்டி நிற்கிறேன். காரோடு வந்த வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு மாட்டும் கூம்பு வடிகட்டி, அகலக் குழாய், குழாய்க்குள் செருகும் சுழல் தகடு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் தேவை. இவை எஞ்சின் திறனைக் கூட்டுமா என்பதே இயலின் பொருள். 'திறன்கூட்டி' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

---

தம்பி, அந்தச் சொல்லை இன்றே எடுத்துவிடுங்கள். கூட்டுமா என்று கேட்கும் இயலில் பெயரே 'கூட்டும்' என்று சொல்லிவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் தவறான விடை.

இதை வகுப்பில் நடத்துகிறவள் என்பதால் சற்று நீட்டிச் சொல்கிறேன். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் தூய்மையான காகித வடிகட்டியில் காற்று இழக்கும் அழுத்தம் சில கிலோபாஸ்கல்தான். வெளியே இருப்பதோ 101 கிலோபாஸ்கல். அந்த இழப்பு முழுதையும் மீட்டாலும் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் தேறாது. பெட்ரோல் எஞ்சினில் பாதி மிதியில் த்ராட்டில் தகடே காற்றை மறித்து நிற்கும்; அப்போது வடிகட்டியை மாற்றி என்ன பயன்? பானட்டுக்குள் கூம்பைத் திறந்தபடி வைத்தால் ரேடியேட்டரைக் கடந்து வந்த சூட்டுக் காற்றுதான் உள்ளே போகும். காற்று 30 டிகிரி செல்சியசிலிருந்து 60க்கு ஏறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு குறையும். கிடைத்த இரண்டும் போய், கையிருப்பும் கரைகிறது. சுழல் தகடு வழியில் நிற்கும் தடை, வேறொன்றுமில்லை.

'பிக்கப் ஏறிடுச்சு மேடம்' என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். பழைய பெட்டியோடு ஒலியை அடக்கும் அறையும் போய்விடுவதால் ஏறுவது சத்தம். அது காதுக்கு வேகமாகத் தெரிகிறது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ எஞ்சினில், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் கணக்கையும் திருத்தி, குளிர்ந்த காற்று வரும் இடத்திலிருந்து குழாய் இழுத்தால் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலனைப் பெயரில் ஏற்றக் கூடாது. 'காற்றுவாங்கி' என் பரிந்துரை.

---

அம்மையார் சொன்ன காரணம் சரி, சொல் சரியில்லை. முதலில் காற்றா வளியா என்று தீர்ப்போம். காற்றை வேலை வாங்கிக் கலம் ஓட்டியவனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறது புறநானூறு 66. எஞ்சின் செய்வதும் வளியைத் தொழில்கொள்வதே. வள் என்னும் வேருக்கு வளைதல் பொருள். சுற்றிச் சுழல்வதால் வளி என்பது என் நெடுநாள் எண்ணம். அப்படியானால் சுழல் தகடும் இதற்குள் தானே அடங்கிவிடும். ஆகவே 'வளியேற்பி'.

---

ஐயா, வளிமண்டலம் என்று பாடநூலில் படிக்கும் மாணவர்தான் டயருக்குக் 'காற்று' அடிக்கிறார். வடிகட்டிக்குக் காற்று, குழாய்க்கு வளி என்று ஒரே பக்கத்தில் எழுதினால் குழம்பமாட்டாரா? 'வாங்கு' பழஞ்சொல்தான். மிதித்து இயக்கும் துருத்தியைக் குறுந்தொகை 172 'உலைவாங்கு மிதிதோல்' என்கிறது. இன்றும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இடிதாங்கி, சுமைதாங்கி போல இகர விகுதி பெற்று இயல்பாக நிற்கும்.

---

பாட்டில் வாங்கப்படுவது காற்று என்று இல்லையே! தவிர, ஆளில்லாத அரங்கைக் 'காத்து வாங்குது' என்பது பேச்சு வழக்கு. கலைச்சொல்லில் அந்த நிழல் விழலாமா?

---

விழட்டும் ஐயா. சூழல் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரியாதவரா நம் வாசகர்?

என் கவலை முன்னொட்டில். பிறகு மாட்டுவதைக் குறிக்கும் 'ஆஃப்டர்மார்க்கெட்' என்பதற்குச் 'சந்தைப்பின்' என்று ஒரு பட்டியலில் கண்டேன். சந்தை கலைந்த பிறகா? வண்டி விற்பனையான பிறகு மாட்டுவது என்பது அதில் எங்கே இருக்கிறது? 'பின்பொருத்து' எனலாம்.

---

பின்பொருத்து என்றால் வண்டியின் பின்புறம் பொருத்துவது என்று படிப்பார்கள். 'மாற்று' என்றால் சுழல் தகடு எதையும் மாற்றுவதில்லை, கூடச் சேர்கிறது. 'கூடுதல்' என்றால் மறுபடியும் திறன் கூடுகிற வாடை. பணிமனையில் 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' என்றே சொல்கிறார்கள். அப்படியே போட்டால் குற்றமா?

---

குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயரில் சீட் கவரும் வரும், ஹாரனும் வரும்.

---

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. எண்ணிப் பார்த்ததில் காற்றுவாங்கிக்கு ஐவர், வளியேற்பிக்கு இருவர். முன்னொட்டில் யாருக்கும் நிறைவில்லை. 'பின்பொருத்துக் காற்றுவாங்கி' என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் 'வண்டி வாங்கிய பின் காற்றுவழியில் பொருத்தும் உறுப்பு' என்று விளக்கமும் தருகிறேன். இயலின் தலைப்பில் திறன்கூட்டியை நீக்கிவிட்டேன். எண்ணெய் பூசிய பருத்தி வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால் காற்றளவு சென்சாரில் படியும் என்ற எச்சரிக்கை மூலத்தில் அடிக்குறிப்பாக இருந்தது. அதைப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறேன்.

---

அச்சுக்குப் போகும் முன் ஒன்று. பிஸ்டன் இறங்கும்போது எஞ்சின் காற்றை வாங்குவதில்லை. உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் 101 கிலோபாஸ்கல் தள்ளிக்கொண்டு நுழைகிறது. அம்மையாரே தந்த கணக்குதான். தள்ளுவதை ஏற்பது ஏற்பி. என் வாக்கு வளியேற்பிக்கே. அடுத்த பதிப்புக்காவது குறித்து வையுங்கள்.