லாராபின்டா பாதை: எவ்வளவு தண்ணீர் சுமப்பது?

கேள்வி: ஜூலையில் நானும் தங்கையும் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து லாராபின்டா பாதையில் நடக்கப் போகிறோம். 220 கிலோமீட்டருக்கு மேல், 12 பகுதிகள், இரவெல்லாம் கூடாரத்தில்தான். தண்ணீரை நினைத்தால்தான் பயம். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1: முகாம்கள் பலவற்றில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஆனால் 4ஆம் பகுதியில் பிரிங்க்லி பிளஃப் உச்சியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, அங்கே தங்க நினைத்தால் (கட்டாயம் தங்குங்கள், அப்படியொரு விடியல்!) அன்று மாலைச் சமையல், மறுநாள் நடை எல்லாவற்றுக்கும் சேர்த்து நீங்களே சுமந்து ஏற வேண்டும். நாங்கள் ஆளுக்கு ஆறு லிட்டர் கொண்டுபோனோம், மிஞ்சவில்லை.

பதில் 2: குளிரையும் மறக்காதீர்கள். ஜூலை இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், காலையில் என் பாட்டிலில் பனிக்கட்டி குலுங்கியது. அப்புறம் ஸ்பினிஃபெக்ஸ் புல், ஊசி மாதிரி காலில் ஏறி முனை உள்ளேயே ஒடிந்துவிடும். சின்ன இடுக்கி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூர்மையான பாறைகள், புதுச் செருப்பு ஷூவெல்லாம் வேண்டாம், பழகிய உறுதியான பூட்ஸ்தான்.

கேட்டவர்: ரொம்ப நன்றி. உணவை எங்கே முன்கூட்டி வைப்பது?

பதில் 1: எல்லரி கிரீக், ஆர்மிஸ்டன் கார்ஜ். எலி புகாத டப்பாவில் வையுங்கள்.