பேனிக் மாரத்தான்ல பிறந்ததா?

ஏட்டுச்சுவடி: "மாரத்தான் போர்ல பான்ங்கிற கிரேக்க ஆட்டுக்கால் சாமி போட்ட கூச்சல்ல பாரசீகப் படை அலறி ஓடிச்சு, பீதியைக் குறிக்கிற பேனிக்ங்கிற இங்கிலீஷ் சொல் அப்படித்தான் வந்துச்சு"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். பத்திக்கிட்டு வருது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸைத் திறந்து பாருங்கய்யா. ஏதென்ஸுக்கும் பாரசீகத்துக்கும் நடந்த அந்தப் போர் கி.மு. 490. ஸ்பார்ட்டாவுக்கு உதவி கேட்டு ஓடின பிலிப்பிடிஸை பார்த்தெனியன் மலையில பான் கூப்பிட்டு, ஏதென்ஸ்காரங்க ஏன் என்னைக் கண்டுக்கிறதில்லைன்னு கேட்கிறார். பிறகு ஏதென்ஸ் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸ் அடிவாரத்துல அவருக்குக் கோயில் எடுக்கிறாங்க. கூச்சல் எங்கே?

கடலோடி: எழுதினது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். சும்மாவா கோயில் எடுப்பாங்க? மாரத்தானுக்கு வந்து கூட நின்னு சண்டை போடுறேன்னு பான் வாக்குக் கொடுத்ததா கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் சொல்றார். அதையும் படிங்க.

ஏட்டுச்சுவடி: படிச்சாச்சு. வாக்கு இருக்கு, கூச்சல் இல்லை. அவர் எழுதினது போர் முடிஞ்சு அறுநூறு வருஷம் கழிச்சு. காரணமில்லாத பயம் பானால வரும்னு அவர் சொல்ற இடமே வேற. கி.மு. 279-ல கிரேக்கக் கோயில் நகரமான டெல்ஃபியைக் கொள்ளையடிக்க வடக்கேயிருந்து வந்த கெல்ட்டியர் படை, ராத்திரியில பீதி பிடிச்சு, தன் ஆளையே கிரேக்கன்னு நினைச்சு வெட்டிக்கிட்டுச்சே, அங்கே.

வரகுக்காடு: சாமைக்குத் தாவரவியல் பேர் பானிகம். அதுவும் இந்த ஆட்டுக்கால் சாமி பேர்தானா?

ஏட்டுச்சுவடி: இல்லை. அது தானியத்துக்கு லத்தீன்ல இருந்த பேர். திரியைத் திசை திருப்பாதீங்க.

வரகுக்காடு: கேட்டாலே கடிக்கிறீங்க. குறள் திரியிலயும் இதே வேலைதான் பண்ணீங்க, மறக்கலை.

மலைக்காற்று: கிரேக்கத்துல பான்னா 'எல்லாம்'. எல்லாரையும் பிடிக்கிற பயம் பேனிக். இதுக்கு ஏன் சண்டை?

ஏட்டுச்சுவடி: அது வெறும் ஓசை ஒற்றுமை. முற்றுகைப் போருக்குக் கையேடு எழுதின ஐனியாஸ், கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக்காரர். படைக்குள்ள திடீர்னு கிளம்புற பீதிக்கு தெற்கு கிரேக்கத்துல இருக்கிற பெலொப்பொனீஸ்ல, அதுலயும் அதன் நடுவுல இருக்கிற அர்காடியாவுல வழங்குற சொல் இதுன்னு எழுதியிருக்கார். பான் அந்த அர்காடியா ஆட்டிடையங்க சாமி. மாரத்தானை இதுல யார் இழுத்தா? கூச்சல் எங்கே?

கடலோடி: நீங்கதான் ஐனியாஸ், அர்காடியான்னு ஊர் சுத்துறீங்க. கோயில் ஏன் எடுத்தாங்க? அதுக்கு இன்னும் பதில் வரலை.

வரகுக்காடு: வராது. அவருக்குக் கேட்க மட்டும்தான் தெரியும்.

ஏட்டுச்சுவடி: உங்ககிட்ட பேசலை. கடலோடி, எந்த நூல், எந்தப் பகுதி, எந்த வரியில கூச்சல் இருக்கு? அதை மட்டும் போடுங்க.

கடலோடி: முதல்ல கோயிலுக்குப் பதில்.